புதிதாகத் தலைமையாசிரியர் ஆகியிருக்கிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

பதவி உயர்வு ஆணையோடு பள்ளிக்குள் நுழைந்த அன்று என் கைக்கு வந்தவை இவைதான்: பீரோச் சாவி, சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறை இணையப் பதிவுக்கான கடவுச்சொல் எழுதிய ஒரு துண்டுத்தாள். பிள்ளைகளைப் பற்றி எதுவும் இல்லை. யாருக்கு வலிப்பு வரும், யார் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள், யாருடைய அப்பா வாரக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டார் என்பதெல்லாம் முன்பிருந்தவர் மனத்தில் இருந்தது. அவரோடு போய்விட்டது.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் 11 வருடமாகத் தலைமையாசிரியர். 47 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். பாதிக் குடும்பங்கள் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போய்வருகிறவை. இந்த வருடம் பொறுப்பேற்கிறவர்களில் பலர் என்னிடம் கேட்பது எந்தப் பதிவேட்டை எப்படி எழுதுவது என்றுதான். அதை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். நான் சொல்ல வருவது வேறு. அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்கான உதவி நிறையவே இருக்கிறது. காலை உணவு, மதிய உணவு, நான்கு செட் சீருடை, புத்தகம், பை, காலணி, மருத்துவப் பரிசோதனை, உதவித்தொகை, சிறப்புப் பயிற்றுநர் என்று பட்டியல் நீளும். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது தேவை என்று அறிந்த ஒருவர் பள்ளியில் இருந்தால்தான் அது போய்ச் சேரும். அந்த ஒருவர் நீங்கள்தான்.

நோட்டில் என்ன எழுதுவது

192 பக்க நீள நோட்டு ஒன்று போதும். ஒரு பிள்ளைக்கு எதிரெதிரான இரண்டு பக்கம். அலுவலகப் பதிவேடு இல்லை என்பதால் யாரும் வந்து சரிபார்க்க மாட்டார்கள். அதனாலேயே உண்மையை எழுதலாம். ஆனால் பத்திரமாக வையுங்கள். இதில் குடும்ப விஷயங்கள் இருக்கும். மேசை மேல் விட்டுப் போகக் கூடாது.

இடது பக்கத்தில் நிலையான விவரம். வீட்டில் யார் யார், காலையில் பிள்ளையைக் கிளப்பிவிடுவது யார், எந்த எண்ணுக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தால் எடுப்பார்கள். சேர்க்கைப் படிவத்தில் இருக்கிற எண் பெரும்பாலும் அப்பாவுடையது. அவர் வேலையிடத்தில் இருப்பார், எடுக்க மாட்டார். பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் ஆதாரிலும் பிறப்புச் சான்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நாளைக்கு உதவித்தொகை வரும்போது நின்றுவிடும். சாதிச் சான்று இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா, தினசரி மாத்திரை ஏதும் உண்டா என்பதும் இங்கேதான்.

வலது பக்கத்தில் வராத நாட்கள். தேதி மட்டும் போதாது, கிழமையையும் எழுதுங்கள். எமிஸ் செயலியில் வந்தார், வரவில்லை என்று பதிந்துவிடுகிறோம். அது ஏன் என்று சொல்லாது. நாலைந்து வருடம் முன்பு மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். வருகை சதவீதம் மோசமில்லை, அதனால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. என் நோட்டில் வரிசையாக ‘செவ்வாய், செவ்வாய், செவ்வாய்’ என்று விழுந்தபோதுதான் புரிந்தது. செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊரில் சந்தை. அம்மா கருவாடு விற்கப் போவார். இரண்டரை வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில். எங்கள் வளாகத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. அம்மாவை அழைத்துக்கொண்டு போய் அங்கன்வாடிப் பணியாளரிடம் பேசினோம், தம்பியை அங்கே சேர்த்தோம். அடுத்த செவ்வாயில் இருவரும் கைகோத்து வந்தார்கள். இதற்குத் திட்டமும் தேவைப்படவில்லை, பணமும் தேவைப்படவில்லை.

இந்த நோட்டைப் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே முடித்துவிட நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு தெருவுக்குள் திரும்புங்கள். திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் பெற்றோர் கூட்டத்தில் வராத விஷயமெல்லாம் வரும்.

சாப்பாடும் உடம்பும்

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் இரண்டாம் வகுப்பு. சோற்றுத் தட்டோடு வரிசையில் நின்றவள் என்பதால் சொல்கிறேன், சமையலறையை மேற்பார்வை செய்யும் இடமாக மட்டும் பார்க்காதீர்கள்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தபோது எங்களுக்கும் வந்தது. அதற்கு முன் திங்கட்கிழமை இறைவணக்கக் கூட்டத்தில் யாராவது ஒரு பிள்ளை மயங்கி உட்காருவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. பழகியிருக்கவே கூடாது. இப்போது அது இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: யார் சாப்பிடவில்லை? ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வரும் நான்கு பிள்ளைகள் எப்போதும் கடைசியில்தான் வருவார்கள். அவர்கள் வருவதற்குள் பாத்திரம் கழுவப்பட்டிருக்கும். சமைக்கிற சுயஉதவிக்குழுப் பெண்களிடம் சொல்லி நான்கு தட்டை மூடிவைக்க ஏற்பாடு செய்தேன். அவர்களுக்கும் இதே பள்ளியில் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஒருமுறை சொன்னால் போதும். தாமதமாக வந்த பிள்ளையை முதலில் சாப்பிட விடுங்கள். ஏன் தாமதம் என்று அப்புறம் கேட்கலாம்.

மதிய உணவைப் பரிமாறும் முன் நீங்களும் உங்கள் சக ஆசிரியரும் மாறிமாறி ருசி பாருங்கள். பெயருக்கு ஒரு வாய் இல்லை, உட்கார்ந்து சாப்பிடுங்கள். முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. அது வருகிறதா என்று நோட்டைப் பார்த்துக் கேளுங்கள்.

வாரம் ஒருமுறை தருகிற இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று தாய்மார்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட ஒரு வருடம் மறுவாரமே பாதிப் பிள்ளைகள் மாத்திரையைத் துப்பினார்கள். குடற்புழு மாத்திரையை நன்றாக மென்று சாப்பிட வேண்டும். அன்று உடம்பு சரியில்லாத பிள்ளைக்குத் தராமல் விட்டு, விடுபட்டவர்களுக்கான நாளில் கொடுங்கள்.

நடமாடும் மருத்துவக் குழு வருவதற்கு முந்தைய நாள் நீங்களே ஒரு சோதனை செய்துவிடலாம். கடைசி வரிசையில் பிள்ளையை நிறுத்திக் கரும்பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். முதுகுப்பக்கம் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எங்கள் பள்ளியில் ஒருவன் எப்போதும் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தே எழுதுவான். காப்பியடிக்கிறான் என்று இரண்டு வருடம் திட்டு வாங்கினான். பலகை தெரியவில்லை என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. மருத்துவக் குழுவிடம் பொதுவாகப் ‘பாருங்கள்’ என்று 47 பேரையும் நிறுத்துவதை விட, ‘இந்த ஆறு பேரை நன்றாகப் பாருங்கள்’ என்று ஒரு சீட்டை நீட்டுங்கள். அவர்களுக்கும் நேரம் குறைவு.

வளர்ச்சியில் தாமதமோ மாற்றுத்திறனோ இருப்பதாகத் தோன்றினால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார். பெற்றோரிடம் ‘உங்கள் பிள்ளைக்குக் குறை’ என்று பேச்சைத் தொடங்காதீர்கள். ‘இவனுக்குக் கூடுதலாக ஓர் ஆசிரியர் வருவார்’ என்று தொடங்குங்கள். நான் முதல் முறை தவறாகத் தொடங்கி, ஓர் அம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

படிப்பு விஷயத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ என்கிற அடிப்படைக் கற்றல் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் கற்பிக்கிறோம். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கிற பள்ளியில் அது நல்ல ஏற்பாடு. ஒரே ஓர் எச்சரிக்கை. ‘அரும்பெல்லாம் இங்கே வா’ என்று கூப்பிடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் அர்த்தம் புரிந்துவிடும். நாங்கள் நிறப் பாயில் உட்கார வைக்கிறோம். பாய் மாதாமாதம் மாறும்.

சூளைக்குப் போகும் பிள்ளைகள்

பொங்கல் முடிந்ததும் எங்கள் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் காணாமல் போவார்கள். மழை தொடங்கும் சமயத்தில் திரும்புவார்கள். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்பணம் வாங்கியிருப்பார்கள், பிள்ளையை விட்டுப் போக ஆளும் இருக்காது.

மார்கழியிலேயே வேலையைத் தொடங்குங்கள். யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். பாட்டி, சித்தி என்று யாராவது ஊரில் இருந்து, பிள்ளையை விட்டுப் போக முடியுமென்றால் அதுதான் முதல் வழி. முடியாதென்றால் அட்டையில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, எமிஸ் எண், என் போன் எண் எல்லாம் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மா கையில் தருவேன். போகிற இடத்தில் உள்ள பள்ளித் தலைமையாசிரியரை அழைத்து, இன்னார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். அங்கே சேர்ந்தால் எமிஸில் பிள்ளையை உடனே காமன் பூலுக்கு, அதாவது வேறு பள்ளி எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுப் பட்டியலுக்கு, விட்டுவிடுங்கள். எண்ணிக்கை குறைந்துவிடும் என்று பிடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. அது பெரிய தவறு. பிள்ளை அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் போய்விடும்.

மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. திரும்பி வந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. இந்த இரண்டையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், போனில் சொல்ல வேண்டியிருக்கும்.

இருளர் பிள்ளைகள் இருந்தால் பழங்குடிச் சான்று ஒரு தனி வேலை. அதை வழங்குபவர் கோட்டாட்சியர். ஒவ்வொரு குடும்பமாக அனுப்பினால் ஒருநாள் கூலியை விட்டுப் பலமுறை அலைவார்கள். விண்ணப்பங்களைச் சேர்த்து ஒரே கட்டாக இ-சேவை மையத்தில் பதிந்து, பள்ளியிலிருந்து ஒரு கடிதமும் எடுத்துக்கொண்டு நானே உடன் போனேன். அண்ணன், அக்கா யாருக்காவது ஏற்கெனவே சான்று இருந்தால் அதன் நகலை வைக்க மறக்காதீர்கள்.

வருமானம் ஈட்டும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தரமாக முடங்கினால், அந்த மாணவருக்கு அரசு 75,000 ரூபாய் தருகிறது. தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். துக்க வீட்டில் இதை யாரும் நினைக்க மாட்டார்கள். காரியம் முடிந்த பிறகு போய் முதல் தகவல் அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்ப்பது உங்கள் வேலை. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியிருக்கிறது. உங்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், தகுதியுள்ள பிள்ளை இருக்கலாம்.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை உங்களிடம் தன் உடல் சார்ந்த ஒரு கொடுமையைச் சொன்னால் நீங்கள் விசாரணை அதிகாரி இல்லை. திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசாதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்கள். போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் அலுவலக அறையில் ஒட்டாதீர்கள். பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், தண்ணீர் குடிக்கிற இடத்தில் எழுதிவையுங்கள்.

உடன் வேலை செய்பவர்கள்

இரண்டு பேர் உள்ள பள்ளியில் ஒருவர் சோர்ந்தால் பள்ளியே சாய்ந்துவிடும். தலைமையாசிரியர் என்பதால் பதிவேடு, பயிற்சி, கூட்டம் என்று நீங்கள் வெளியே போய்க்கொண்டே இருப்பீர்கள். அந்த நாட்களில் உங்கள் சக ஆசிரியர் ஐந்து வகுப்பையும் தனியாகப் பார்ப்பார். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் வெளியே போகிற நாளுக்கு முந்தைய சாயங்காலமே ஐந்து வகுப்புக்கும் எழுத்துவேலை தயாரித்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அவர் விடுப்பு எடுக்கிற நாளில் அவரும் அப்படியே.

சரி, நடைமுறைக்கு வருவோம். வருடத் தொடக்கத்தில் இருவரும் உட்கார்ந்து தற்செயல் விடுப்பைப் பேசிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 12 நாள்தான். குலதெய்வத் திருவிழா, பிள்ளையின் பொதுத்தேர்வு என்று தெரிந்த நாட்களை முன்பே குறித்துவிட்டால் கடைசி நேர மனத்தாங்கல் வராது.

என் சக ஆசிரியை கருவுற்றபோது அவர் என்னிடம் சொல்லத் தயங்கினார். எனக்குச் சிரமம் வருமே என்று. மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். அது அவருடைய உரிமை, முகம் கோணாமல் நாம் அதற்குத் தயாராக வேண்டும். ஏழாம் மாதமே மாற்றுப்பணி ஆசிரியர் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம் எழுதினேன். கடிதத்தில் ‘ஆசிரியர் தேவை’ என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். மாணவர் எண்ணிக்கை, விடுப்பு தொடங்கும் தேதி, அன்றிலிருந்து ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர் என்ற மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகலையும் இணையுங்கள்.

பணிப்பதிவேட்டை வருடம் ஒருமுறை இருவரும் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துக் கையெழுத்திட்டு வாருங்கள். ஊக்க ஊதியம், விடுப்புக் கணக்கு, பணிச் சரிபார்ப்பு எல்லாம் பதிவாகியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். ஓய்வு பெறும் வருடத்தில் 20 வருடத்துக்கு முந்தைய ஒரு பதிவு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்து அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர், கழிப்பறை கழுவ வருகிற தூய்மைப் பணியாளர் எல்லோரும் உங்கள் ஆட்கள்தான். எங்கள் தூய்மைப் பணியாளர் அம்மாவுக்குக் கையுறையும் நல்ல துடைப்பமும் கேட்காமலே வாங்கி வைப்போம். பள்ளி மானியத்தில் பத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்குத்தான் செலவிட வேண்டும். எங்கள் அளவுள்ள, 31 முதல் 100 பிள்ளைகள் வரை படிக்கிற பள்ளிக்கு மானியம் வருடம் 25,000 ரூபாய் என்பது கணக்கு. முழுத் தொகையும் ஒரே சமயத்தில் வரும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். தூய்மைப் பணியாளரின் சம்பளம் தாமதமானால் யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் எழுதிக் கேளுங்கள். ஆண்டுவிழா மேடைக்கு அவரையும் கூப்பிடுங்கள். பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. எங்கள் பள்ளியில் அவர் ‘ஆயா’ இல்லை, ‘அத்தை’.

மேலாண்மைக் குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள், தலைவர் ஒரு தாய். நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வர முடியும், கூட்டத்தை அதற்கேற்ப வையுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம் போதும். தீர்மானத்தை நீங்கள் எழுதி நீட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். தலைவர் வாயால் சொல்லச் சொல்ல, அதே வார்த்தையில் எழுதுங்கள். பிறகு அதைக் கிராமசபைக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. எங்கள் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது நான் எழுதிய ஏழு கடிதத்தால் இல்லை. 2023 அக்டோபர் 2ஆம் தேதி, கைக்குழந்தையோடு எழுந்து நின்று பேசிய எங்கள் குழுத் தலைவரால்.

ஐந்தாம் வகுப்பு முடியும்போது

ஏப்ரலில் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் சில பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் போகாமலே நின்றுவிடுகிறார்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள். நடுநிலைப்பள்ளி எங்களுக்கு மூன்று கிலோமீட்டர். அதனால் பள்ளி முடியும் முன் ஒருநாள் ஐந்தாம் வகுப்பு முழுவதையும் அங்கே அழைத்துப் போகிறேன். பேருந்து எத்தனை மணிக்கு வரும், எங்கே இறங்குவது, கழிப்பறை எங்கே என்று காட்டுவோம். மதியம் அங்கேயே சாப்பாடு. போன வருடம் நாங்கள் அனுப்பிய பிள்ளைகள் ஓடி வந்து கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டுவார்கள்.

அன்று நோட்டிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பக்கங்களைக் கிழித்து எடுத்துப் போவேன். ஆறாம் வகுப்பு ஆசிரியரோடு மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொல்வேன். இவனுக்கு வலிப்பு வரும், மாத்திரை பையின் முன் ஜிப்பில். இவள் அப்பா போனை எடுக்க மாட்டார், அத்தை எண் இது. இவள் கணக்கில் கெட்டி, ஆனால் கேட்டால்தான் பேசுவாள். அவர் தன் நோட்டில் குறித்துக்கொள்வார். போன ஏப்ரலில் ஒன்பது பிள்ளைகள். ஜூன் இரண்டாவது வாரம் அவருக்குப் போன் செய்தேன். எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஒன்பதாவது பெண் இன்னும் சூளையிலிருந்து திரும்பவில்லை. அத்தை எண்ணுக்கு அவரும் அழைத்தார், நானும் அழைத்தேன். அடுத்த திங்கட்கிழமை வந்து சேர்ந்தாள்.